மூச்சுல அமோனியா அளக்குற கை மீட்டர்: டயாலிசிஸ் பாக்குற வீட்டுக்கு வாங்கலாமா?

இந்த மீட்டர் அமோனியாவை அளக்குதான்னு கேட்டா, அளக்குது, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா பெட்டி மேல போட்டிருக்க மாதிரி ஒரு தடவை ஊதினா கிட்னி எப்படி இருக்குன்னு சொல்லிடுமான்னு கேட்டா, சொல்லாது. இது மட்டும் இல்ல, இதைவிட நூறு மடங்கு விலையுள்ள மெஷினும் ஒரே ஊதுல அதை சொல்லாது. ஏன்னு கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன், ஏன்னா வீட்ல கிட்னி பேஷண்ட் வச்சிருக்கவங்க இதை நம்பி காசு போடுறாங்க, வாட்ஸப் குரூப்ல வேற இதோட விளம்பரம் சுத்திக்கிட்டே இருக்கு.

நான் தூத்துக்குடி பக்கம் ஐஸ் ஃபாக்டரி, இறால் கம்பெனி கோல்ட் ஸ்டோரேஜ் இதுக்கெல்லாம் கேஸ் டிடெக்டர் சர்வீஸ் பண்றவன். அங்க கூலிங்குக்கு ஓடுறதே அமோனியாதான், லீக் ஆச்சுன்னா அலாரம் அடிக்கணும், அந்த டிடெக்டரை எல்லாம் காலிப்ரேட் பண்றது, அதாவது அளவு தெரிஞ்ச கேஸை விட்டு சரியா காட்டுதான்னு பாத்து செட் பண்றது, என் பொழப்பு. எங்க அப்பாவுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ் நடக்குது. அதனால இந்த பொருளை மெக்கானிக்காவும் பாத்தேன், பேஷண்டோட மகனாவும் பாத்தேன். கம்பெனி பேரு போடல, ஒரே மாதிரி செல்லை, அதாவது கேஸை உணருற பாகத்தை, உள்ள வச்சு வேற வேற பேர்ல வித்துக்கிட்டு இருக்காங்க, நான் சொல்லப்போறது பெரும்பாலும் எல்லாத்துக்கும் பொருந்தும்.

பொருளைப் பத்தி முதல்ல. டிவி ரிமோட் சைஸ்ல ஒரு மீட்டர், மேல சொருகுற மாதிரி பிளாஸ்டிக் ஊதுகுழல், சார்ஜ் போட டைப்-சி, போன்ல ஒரு ஆப். 18,000 ரூபா ஆச்சு. உள்ள இருக்கறது எலக்ட்ரோகெமிக்கல் செல், எங்க லீக் டிடெக்டர்ல இருக்க அதே ஜாதி, கொஞ்சம் கீழ ரேஞ்சுக்கு டியூன் பண்ணது. கட்டுமானம் நல்லா இருக்கு, பேட்டரி நிக்குது, ஸ்கிரீன் வெயில்லயும் தெரியுது. இதுல எல்லாம் குறை சொல்ல ஒன்னும் இல்ல.

அளவுதான் விஷயம். கோல்ட் ஸ்டோரேஜ்ல 25 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 25 பங்கு அமோனியாவுக்கு, முதல் அலாரம் வைப்போம், 8 மணி நேர வேலைக்கு நியோஷ்னு அமெரிக்க அரசோட வேலையிட பாதுகாப்பு அமைப்பு சொல்ற லிமிட்டும் அதுதான். மூச்சுல வர்றது அதுல சுமார் முப்பதுல ஒரு பங்கு. இங்கிலாந்துல கீல் யுனிவர்சிட்டியில 30 பேரை ஆறு மாசம் தொடர்ந்து ஊத வச்சு பாத்தாங்க, 2006-ல வந்த ஆராய்ச்சி, நல்லா இருக்கவங்க வாய் வழியா விடுற மூச்சுல நடு அளவு 833 பிபிபி, ஆயிரம் பிபிபி சேந்தா ஒரு பிபிஎம், அதாவது 0.8 பிபிஎம் பக்கம். ஆனா மொத்தமா பாத்தா 248-ல இருந்து 2935 வரைக்கும் விரிஞ்சு கிடக்கு. ஒரு நோயும் இல்லாதவங்களுக்குள்ளயே பன்னெண்டு மடங்கு வித்தியாசம்! வயசு கூடக்கூட அளவும் கூடுது. இப்போ சொல்லுங்க, மீட்டர்ல 1.8 காட்டுச்சுன்னா அது நல்லதா கெட்டதா? அந்த ஒத்த நம்பரை வச்சு யாராலயும் சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு விரியுதுன்னா, அந்த அமோனியா பெரும்பாலும் நுரையீரல்ல இருந்து வர்றதே இல்ல, வாயில இருந்துதான் வருது. கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு யூரியா, ரத்தத்துல இருக்க அது எச்சில்லயும் கலந்து வரும். நாக்கு மேலயும் பல்லு இடுக்குலயும் இருக்க கிருமிங்க யூரியேஸ்னு ஒரு என்சைம் வச்சிருக்கும், அது அந்த யூரியாவை உடைச்சு அமோனியாவா மாத்திடும். ஒரு யூரியா உடைஞ்சா ரெண்டு அமோனியா. நாம ஊதுற காத்து அந்த வாயைத் தாண்டித்தான் வெளிய வரணும், வர்ற வழியில அதை எல்லாம் வாரிக்கிட்டு வரும். டேவிட் ஸ்மித், பாட்ரிக் ஸ்பானெல்னு ரெண்டு பேர், மூச்சை நேரா மெஷினுக்குள்ள விட்டு அளக்குற சிஃப்ட்-எம்எஸ் முறையை வளத்தவங்க, அவங்க குரூப் 2008-ல வாய் வழியாவும் மூக்கு வழியாவும் தனித்தனியா அளந்து காட்டினாங்க. வாயில பல நூறு பிபிபி வந்த அதே ஆளுக்கு மூக்குல 100 பிபிபி பக்கம்தான். ரத்தத்துல இருக்க அமோனியா நுரையீரல் வழியா எவ்வளவு வெளிய வரலாம்னு கணக்கு போட்டாலும் சில பத்து பிபிபிதான் வருது, அப்போ மூக்குல வர்ற அளவுதான் அந்தக் கணக்குக்கு கிட்ட நிக்குது.

இதை வீட்லயே பாக்கலாம். காலைல எந்திரிச்சு பல்லு விளக்காம ஊதினா எனக்கு 1.6 வரும். எலுமிச்சம்பழ தண்ணி வாயில ஊத்தி நல்லா கொப்பளிச்சு துப்பிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஊதினா 0.5. அஞ்சு நிமிஷத்துல என் கிட்னி மூணு மடங்கு நல்லாயிடுச்சா என்ன? புளிப்பு பட்டா அமோனியா அமோனியமா மாறி எச்சிலோடயே தங்கிடும், காத்துக்கு வராது, அவ்வளவுதான் நடந்தது. அதுக்கு நேர் எதிரா, எங்க பெரியம்மா வெத்தலை போடுறவங்க, சுண்ணாம்பு தடவிப் போட்டு மென்னுட்டு ஊதினப்போ ரீடிங் சர்ருன்னு ஏறுச்சு, ஏன்னா சுண்ணாம்பு புளிப்புக்கு எதிரான காரம் (ஆல்கலி), அது பட்டா அமோனியா கிளம்பிடும். பேக்கிங் சோடா கலந்த பேஸ்ட்டும் இதே வேலையைத்தான் பண்ணும். கொப்பளிக்கிற தண்ணியோட பிஎச், அதாவது புளிப்பா காரமாங்கற அளவு, மாறினா ரீடிங் எப்படி மாறுதுன்னு 2013-ல அமெரிக்காவுல சோல்கா குரூப் பண்ண ஆராய்ச்சி இருக்கு, பிஎச், டெம்பரேச்சர், வாயா மூக்கா எல்லாமே ரீடிங்கை மாத்துதுன்னு தெளிவா காட்டிருக்காங்க. இந்த மீட்டரோட மேனுவல்ல இதைப் பத்தி ஒரு வரி கிடையாது. "உணவுக்குப் பின் பயன்படுத்தவும்"னு மட்டும் போட்டிருக்கு, அதுவும் தப்பான அறிவுரை. சாப்பிட்டா முதல் அரை மணி நேரத்துல மூச்சு அமோனியா பாதியா குறையும், அப்புறம் புரோட்டீன் செரிச்சு யூரியா ஏறி அஞ்சு மணி நேரம் கழிச்சு வெறும் வயித்துல இருந்ததைவிட ரெண்டு மூணு மடங்கு போகும், இதுவும் 1999-லயே அளந்து எழுதின விஷயம்தான். பின்னன்னா எப்போ? பத்து நிமிஷம் கழிச்சா, சாயங்காலமா? ரெண்டும் ரெண்டு நம்பர் வரும்.

இதே மூச்சுல நைட்ரிக் ஆக்சைடு அளக்குற டெஸ்ட் ஒன்னு இருக்கு, ஆஸ்துமாக்காரங்களுக்கு எடுப்பாங்க, ஃபீனோன்னு சொல்லுவாங்க. அது மட்டும் எப்படி ஆஸ்பத்திரிக்குள்ள வந்து நின்னுச்சுன்னு பாத்தா நமக்கு பதில் கிடைக்குது. அங்க மூக்குதான் தொந்தரவு, மூக்குக்குள்ள நைட்ரிக் ஆக்சைடு எக்கச்சக்கம். அதனால அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் டாக்டர் சங்கங்க சேந்து 2005-ல விதி எழுதினாங்க, வாயால, கொஞ்சம் எதிர் அழுத்தத்துக்கு எதிரா ஊதணும், அப்போதான் அண்ணத்துக்குப் பின்னால மூக்கு வழி மூடிக்கும், வேகம் செகண்டுக்கு 50 மில்லின்னு. எல்லா ஆஸ்பத்திரியும் அதே மாதிரி ஊத வச்சதனால நம்பருக்கு ஒரு அர்த்தம் வந்துச்சு. அமோனியாவுக்கு கதை தலைகீழ், வாய்தான் தொந்தரவு, மூக்கு சுத்தம். அப்படி ஒரு விதி அமோனியாவுக்கு எழுதி எல்லாரும் ஏத்துக்கல. விதி இல்லாத இடத்துல மீட்டர் மட்டும் வந்துடுச்சு, என்னோட பெரிய வருத்தமே இதுதான்.

இதுல இன்னொன்னு யோசிக்கணும். வாய் அமோனியா குப்பைன்னு நான் சொல்லல. கிட்னிக்காரங்களுக்கு அதுதான் உதவுற சிக்னல், ரத்தத்துல யூரியா ஏறினா எச்சில்ல ஏறும், எச்சில்ல ஏறினா வாயில அமோனியா ஏறும். டயாலிசிஸ் பேஷண்ட்ஸ்க்கு வாயில ஒரு மூத்திர வாடை மாதிரி வருமே, அது பாதி இதனாலதான். 1997-ல இதே ஸ்மித், ஸ்பானெல் எல்லாம் சேந்து கிட்னி முழுசா போனவங்களை அளந்தப்போ சராசரி 5 பிபிஎம் பக்கம், சிலருக்கு 14 வரைக்கும் போயிருக்கு. 2001-ல கலிஃபோர்னியாவுல குமார் படேல் டீம், பெல் லேப்ஸ்ல 1964-ல கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபுடிச்ச அதே படேல்தான், அந்த லேசரை வச்சே டயாலிசிஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது மூச்சை அளந்து, ரத்தத்துல யூரியா இறங்க இறங்க மூச்சு அமோனியாவும் கூடவே இறங்குறதை காட்டினாங்க. ஆக விஷயம் உண்மை. ஆனா லிவர் கெட்டுப்போய் ரத்தத்துல அமோனியா ஏறி மயக்கம் வர்ற கேஸுக்கு வாய் ரீடிங் உதவாது, அதுக்கு மூக்கு வழியா வர்ற அந்த கொஞ்ச அளவைத்தான் பாக்கணும், இந்த மீட்டர் காட்டக்கூடிய ஆகக் குறைஞ்ச அளவே 0.1 பிபிஎம், அதாவது 100 பிபிபி. நான் ஊதுகுழலை மூக்குல வச்சு பாத்தேன், ஸ்கிரீன்ல பூஜ்யத்துக்கும் 0.1-க்கும் நடுவுல ஆடிச்சு, அவ்வளவுதான். கிட்னிக்கு வாய், லிவருக்கு மூக்கு. பெட்டி மேல "கிட்னி மற்றும் லிவர் நலம்"னு ரெண்டையும் சேத்துப் போட்டிருக்கறது சரியே இல்ல. லிவர் பேஷண்ட் வீட்ல இருந்தா இதை வாங்கவே வாங்காதீங்க.

அடுத்து ஈரம். மூச்சு சுமார் 34 டிகிரி சூட்டுல, தண்ணி ஆவி நிறைஞ்சு வருது. அமோனியாவுக்கு தண்ணி மேல அவ்வளவு ஆசை, ஊதுகுழல் ஜில்லுன்னு இருந்தா உள்பக்கம் வேர்க்கும், அந்த வேர்வைத் துளியே அமோனியாவை குடிச்சுடும். தண்ணி மட்டும் இல்ல, கண்ணாடி, ஸ்டீல், பிளாஸ்டிக்னு எங்க பட்டாலும் ஒட்டிக்கிற கேஸ் இது, டெஃப்ளான்ல கொஞ்சம் கம்மி. லேப்ல டியூபை சூடு பண்ணி வச்சுத்தான் அளப்பாங்க, பைல ஊதி வச்சு அப்புறமா அளக்குறதை முடிஞ்சவரை தவிர்ப்பாங்க. இந்த மீட்டர்ல சூடு பண்ற வசதி இல்ல. ஏசி ரூம்ல இருந்து எடுத்து உடனே ஊதினா ரீடிங் குறையுது, அதே மீட்டரை கொஞ்ச நேரம் கைக்குள்ள பொத்தி வச்சுட்டு ஊதினா ஏறுது. முதல் ஊது எப்பவும் குறைச்சலா வரும், ரெண்டாவது மூணாவது ஊதுல ஏறி ஒரு இடத்துல நிக்கும், ஏன்னா முதல்ல குழாய்ச் சுவரே கொஞ்சம் தின்னுடுது. அப்பா ஊதின உடனே நான் ஊதினா எனக்கும் தூக்கலா காட்டும், ஒட்டிக்கிட்டது மெதுவா கழண்டு வர்றதால.

வேகமும் ஒரு பிரச்சனை. எங்க ஃபீல்டுல செல்லோட வேகத்தை டி-90ன்னு சொல்லுவோம், கேஸ் பட்டதுல இருந்து உண்மையான அளவுல 90 பர்சன்ட் காட்ட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு. இந்த மாதிரி அமோனியா செல்லுக்கு அது ஒரு நிமிஷம் பக்கம் ஆகுறது சகஜம். மனுஷன் ஊதுறது பத்து செகண்ட். அப்போ மீதியை சாஃப்ட்வேர் ஊகிச்சுத்தான் போடுது. எங்க கம்பெனியில இருக்க டெஸ்ட் கேஸ் சிலிண்டரை வச்சு ரெண்டு நிமிஷம் தொடர்ந்து விட்டுப் பாத்தேன், செல் அருமையா வேலை செஞ்சு சிலிண்டர்ல எழுதின அளவுக்கு வந்து நின்னுச்சு. ஆனா அது காஞ்ச நைட்ரஜன்ல கலந்த கேஸ், மூச்சு மாதிரி ஈரம் கிடையாது. கூட வர்ற சர்டிபிகேட்டும் காஞ்ச கேஸ்ல எடுத்ததுதான். ஈரமான சூடான காத்துல, 1 பிபிஎம்ல, பத்து செகண்டுல என்ன காட்டுதுங்கறதுதான் கேள்வி, அதுக்கு அந்த சர்டிபிகேட்ல பதில் இல்ல. ஆராய்ச்சி பண்றவங்க அமோனியா கரைச்ச தண்ணியை 37 டிகிரியில வச்சு அது மேல நிக்குற ஆவியை அளவு தெரிஞ்ச கேஸா பயன்படுத்துவாங்க, கஷ்டமான காரியம் இல்ல, தயாரிக்கிறவங்க மனசு வச்சா பண்ணிடலாம்.

வேற வாடைக்கும் இது ஏமாறும். இந்த வகை செல்லுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டாலும் ரீடிங் மாறிடும், வாய் நாத்தத்துல அதுவும் இருக்கு. விலை குறைஞ்ச இன்னொரு வகை இருக்கு, மெட்டல் ஆக்சைடு சென்சார் போட்டது, அதுக்கு சாராய வாடை பட்டாலே போதும், கைக்கு சானிடைசர் போட்டுட்டு ஊதினா எகிறும், பயறு வகை சாப்பிட்டு வயித்துல ஹைட்ரஜன் உண்டானா அதுக்கும் எகிறும், அதை மூச்சு டெஸ்டுக்கு வாங்குறது சுத்த வேஸ்ட். எங்க ஊர்ல இன்னொரு தொல்லை கருவாடு. அதுல இருக்க டிரைமெத்தில் அமீன் அமோனியாவுக்கு பங்காளி முறை, கருவாடு வறுக்கிற நேரத்துல அடுப்படி பக்கம் நின்னு மீட்டரை ஆன் பண்ணா, ரூம் காத்தை வச்சு அது பூஜ்யம் போடுறப்பவே கணக்கு கோணலாயிடும், அப்புறம் வர்ற ரீடிங் எல்லாம் உண்மையைவிட குறைச்சலா வரும். கழுவாத பாத்ரூம் பக்கத்துல ஆன் பண்ணாலும் இதே நிலைமை. காத்தோட்டமா இருக்க வாசப்பக்கம் ஆன் பண்றதுதான் நல்லது.

ஆப் பத்தி எனக்கு கோவமே இருக்கு. மீட்டர் ஸ்கிரீன்ல நம்பர் வருது, ஆனா ஆப்ல போய் பாத்தா பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ஒரு வட்டம், நம்பரை தேடிப் புடிக்கணும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் எல்லை எங்க வச்சிருக்காங்க, எதை வச்சு வச்சாங்கன்னு சொல்லல. நல்லா இருக்கவங்களுக்கே 0.25-ல இருந்து 2.9 வரைக்கும் வருதுங்கும்போது அந்த கலருக்கு என்ன ஆதாரம்? கஸ்டமர் கேர்ல கேட்டேன், "எங்க அல்காரிதம் சார்"னு பதில் வந்துச்சு. ஒரு பேஷண்ட் பச்சையைப் பாத்துட்டு "இந்த வாரம் ஒரு டயாலிசிஸ் விட்டா என்ன"ன்னு நெனச்சா என்ன ஆகும்? பொட்டாசியம் ஏறுறது இந்த மீட்டருக்கு தெரியவே தெரியாது, உடம்புல தண்ணி சேந்து மூச்சு முட்டுறதும் தெரியாது, உயிருக்கு உலை வைக்கிறது முதல்ல அந்த ரெண்டும்தான். தயவுசெஞ்சு இந்த ரீடிங்கை வச்சு ஒரு டயாலிசிஸையும் தள்ளிப்போடாதீங்க, மருந்தை மாத்தாதீங்க, சாப்பாட்டு கட்டுப்பாட்டை தளத்தாதீங்க.

அப்போ நான் எதுக்கு இன்னும் வச்சிருக்கேன்னா, ஒரே ஆளுக்கு ஒரே மாதிரி அளந்தா போக்கு தெரியுது. அப்பாவுக்கு நான் பண்றது இதுதான். டயாலிசிஸ் அன்னைக்கு காலைல, வெறும் வயித்துல, பல்லு விளக்கறதுக்கு முன்னாடி, சாதா தண்ணியில வாயைக் கொப்பளிச்சு பத்து நிமிஷம் விட்டு, மீட்டரை கை சூட்டுல வச்சு, வாசல்ல பூஜ்யம் போட்டு, மெதுவா ஒரே சீரா ஊதச் சொல்லுவேன், முதல் ஊதை தள்ளிட்டு அடுத்த மூணை எழுதி நடு நம்பரை எடுத்துப்பேன். "போதும்டா, ஆஸ்பத்திரியில ஊசி குத்துறதே இதுக்கு தேவலை"ன்னு அப்பா சலிச்சுக்குவார், ஆனா ஊதிடுவார். மறுநாள் காலைல இதே மாதிரி. டயாலிசிஸுக்கு முன்னாடி 4, 5-ன்னு வரும், மறுநாள் 2-க்கு கீழ வந்துடும். டயாலிசிஸ் முடிஞ்ச கையோட அளக்க வேண்டாம், அங்க படுத்திருக்கும்போதே இட்லி காபி எல்லாம் குடுப்பாங்க, சாப்பாடு ரீடிங்கை கலைச்சுடும். ஆஸ்பத்திரியில மாசத்துக்கு ஒருதரம் முன்னாடியும் பின்னாடியும் யூரியா பாப்பாங்க, அது குறைஞ்சது 65 பர்சன்ட் இறங்கணும்னு கணக்கு, அந்த ரிப்போர்ட்டோட என் நோட்டை வச்சு பாத்தா மேல கீழ போற திசை ஒத்துப்போகுது, அளவு ஒத்துப்போகல. அப்பாவுக்கு ஈறு வீங்கி பல் டாக்டர்கிட்ட போன சமயத்துல ரீடிங் ரொம்ப நாள் தூக்கலா இருந்துச்சு, ரத்தத்துல யூரியா அப்படியேதான் இருந்துச்சு, ஈறு சரியானதும் தானா இறங்கிடுச்சு. அதனால ரீடிங் ஏறினா நான் முதல்ல அப்பா வாயைத் திறந்து பாக்குறேன்.

இதுக்கு மாத்து என்னன்னு கேட்டா, கலர் மாறுற கண்ணாடி டியூப் இருக்கு, பம்ப் வச்சு இழுத்தா மஞ்சள்ல இருந்து நீலமா மாறும், குறைஞ்ச ரேஞ்ச் டியூப் கால் பிபிஎம்ல இருந்தே காட்டும். ஆனா ஒரு டியூப் ஒரு தடவைக்குத்தான், மூச்சை பைல புடிச்சுத்தான் இழுக்கணும், அங்க மறுபடி ஒட்டுற பிரச்சனை வந்துடும். லேசர் மெஷின், சிஃப்ட்-எம்எஸ் எல்லாம் உண்மையிலேயே நம்பகமானது, ஆனா அது ஆராய்ச்சி லேபுக்குள்ள நிக்குற பொருள், வீட்டுக்கு வராது. வீட்டுக்கு வர்றதுல இந்த செல் வகைதான் இப்போதைக்கு தேவலை.

வாங்குறதா இருந்தா விக்கிறவர்கிட்ட நாலு விஷயம் எழுத்துல கேளுங்க. ஈரக் காத்துல காலிப்ரேட் பண்ணதா, டி-90 எவ்வளவு, 1 பிபிஎம்ல உண்மையைவிட எவ்வளவு கூடக்குறைய காட்டும், நம்பரை ஆப்ல இருந்து ஃபைலா எடுக்க முடியுமா. நான் கேட்டதுல கடைசிக்கு மட்டும்தான் ஆமான்னு பதில் வந்துச்சு. கிட்னி பேஷண்ட் வீட்ல, பொறுமையா நோட்டு போட்டு எழுதுற ஆள் ஒருத்தர் இருந்தா, டாக்டர்கிட்ட சொல்லிட்டு வாங்கலாம், 5-க்கு 3 குடுப்பேன். சும்மா உடம்பு நல்லா இருக்கான்னு பாக்க வாங்குறவங்களுக்கு 1 கூட கிடையாது, அந்த காசுக்கு வருஷா வருஷம் ரத்தத்துல யூரியா, கிரியேட்டினின் பாத்துக்கலாம். செல்லோட ஆயுசு ரெண்டு வருஷம்னு போட்டிருக்கு, மாத்துற செல் தனியா கிடைக்குமான்னு கேட்டா முழு மீட்டரையும் அனுப்பச் சொல்றாங்க, அதுக்கு ஆகுற செலவையும் விலையோட சேத்தே கணக்கு போடுங்க.